கம்பளத்தைப் புரட்டிப் பார்க்காமல் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரசீகப் பழங்குடிகளின் பழைய நீள்கம்பளங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பொருளை ஒருவர் எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி, படங்களும் அருமை. ஆனால் முடிச்சு கூடக் கூடத் தரம் கூடும், நிறம் சீராக இல்லையென்றால் அது குறை, ஓரம் சுருண்டால் ரப்பர் பசை தடவினால் போதும் என்று கட்டுரையாளர் சொல்லிச் செல்வதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. நகரப் பட்டறையில் வரைபடம் வைத்து நெய்த கம்பளத்தின் அளவுகோலை எடுத்து, மனப்பாடமாக நெய்த கம்பளத்தின் மேல் வைத்ததால் வந்த வினை இது. கம்பளத்தின் பின்பக்கம் ஒரு படத்தில்கூட இல்லை. சொல்லவேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த வடிவம். கட்டுரை இவற்றை வராந்தா விரிப்பு என்று சுருக்கிவிட்டது. பழைய பாரசீக வீட்டின் வரவேற்பறை நீளமானது, குறுகலானது. நடுவில் மியான் ஃபர்ஷ் என்ற பெரிய கம்பளம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கெனாரே, தலைமாட்டில் குறுக்கே ஒரு கெல்லெகி என நான்கு கம்பளங்கள் அதை நிறைத்தன. இன்று உலகச் சந்தையில் ரன்னர் என்று விற்பது அந்தக் கெனாரேயைத்தான். அகலம் பெரும்பாலும் 80 செ.மீ. முதல் 110 செ.மீ. வரை, நீளம் 3 மீட்டரில் தொடங்கி 6 மீட்டர் வரை போகும். ஜோடியாக நெய்யப்பட்டவை பின்னாளில் தனித்தனியே விற்கப்பட்டன. ஒற்றையாகக் கிடைக்கும் பல கெனாரேக்களுக்கு எங்கோ ஓர் இணை இருக்கிறது அல்லது இருந்தது.

அடுத்தது ‘பழங்குடி’ என்ற முத்திரை. கட்டுரையில் எல்லாமே நாடோடிக் கூடாரத்தில் பிறந்தவையாகத் தெரிகின்றன. தறியை நினைத்துப் பார்த்தால் இந்த மயக்கம் தீரும். தெற்கு ஈரானில் உள்ள ஃபார்ஸ் மாகாணத்தின் கஷ்காய் மக்களும், அரபு, பஸ்ஸேரி, பகார்லு, ஐனல்லு, நஃபர் என்ற ஐந்து குடிகள் சேர்ந்த கம்சே கூட்டமைப்பினரும் தரைத்தறியில் நெய்தார்கள். நான்கு முளை அடித்து, அவற்றில் இரண்டு மரத்தடிகளைக் கட்டி, நடுவே பாவு நூலை, அதாவது நீளவாக்கு நூலை, விறைப்பாக இழுப்பார்கள். மூன்று கம்புகளைக் கூம்பாகச் சாய்த்து, பாவு நூல்களைப் பிரிக்கும் விழுதுக்கட்டையை அதில் தொங்கவிடுவார்கள். நெய்பவள் தான் நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னேறுவாள். கோடைக்கு மலை, குளிருக்குத் தாழ்நிலம் என்று பெயர வேண்டிய நாளில் முளைகளைப் பிடுங்கி, பாதி நெய்ததைத் தடியோடு சுருட்டி விலங்கின் மேல் ஏற்றி, அடுத்த இடத்தில் மறுபடி இழுத்துக் கட்டுவார்கள். முதலில் இருந்த விறைப்பு அப்படியே திரும்பி வராது. ஒரு முனையில் 95 செ.மீ. அகலமுள்ள கம்பளம் மறுமுனையில் 104 செ.மீ. ஆவது இப்படித்தான். அந்தத் தறியில் 5 மீட்டர் நீளத்தை நேராக முடிப்பது பெரும்பாடு. ஆகவே உண்மையான கஷ்காய், கம்சே நீள்கம்பளங்கள் அரிது.

எண்ணிக்கையில் மிகுதியாகக் கிடைப்பவை மேற்கு, வடமேற்கு ஈரானின் கிராமங்களில் செங்குத்துத் தறியில் நெய்தவை: ஹமதானைச் சுற்றிய ஊர்கள், மலாயர், சராப், கராஜா, குர்து மக்களின் குடியிருப்புகள். இவர்களில் பலர் ஒரு காலத்தில் நாடோடிகளாக இருந்து நிலைத்தவர்களின் வழிவந்தவர்கள். கைப்பழக்கமும் மனத்தில் இருந்த வடிவங்களும் அந்த மரபைச் சேர்ந்தவை. ஆனாலும் கூடாரக் கம்பளம் வேறு, ஊர்க் கம்பளம் வேறு. ‘பழங்குடி’ என்று சொன்னால் விலை ஏறும் என்பதற்காகவே பலர் அந்த வித்தியாசத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

புரட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஹமதான் வட்டாரக் கம்பளத்துக்குப் பாவு வெள்ளைப் பருத்தி. ஒவ்வொரு முடிச்சு வரிசைக்குப் பின்னும் ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல்தான் போகும். அதனால் பின்பக்கம் பாவு நூல் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளைப் புள்ளியாக எட்டிப்பார்க்கும். கராஜாவிலும் பெரும்பாலும் ஒற்றை ஊடைதான். பழைய குர்துக் கம்பளங்களில் பாவும் கம்பளி, கை வைத்தால் கனமாகவும் மெத்தென்றும் இருக்கும். கஷ்காய்க் கம்பளத்தில் பாவு வெளிர்நிறக் கம்பளி, ஊடை பெரும்பாலும் சிவப்புச் சாயமேற்றியது, ஓரக்கட்டில் இரண்டு நிற நூல் மாறி மாறிச் சுற்றியிருக்கும். கம்சேயில் பாவு பழுப்பும் சாம்பலுமாகக் கறுத்திருக்கும். வடகிழக்கு ஈரானில் உள்ள குராசானின் பலூச்சிகள் ஓரத்துக்கு ஆட்டுமயிரைத் தடித்த பட்டையாக வைத்துக் கட்டுவார்கள். இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மூன்று, நான்கு சேர்ந்து ஒரே ஊரைக் காட்டினால்தான் நம்பலாம்.

இனி முடிச்சு. இரண்டு வகை உண்டு. சமச்சீர் முடிச்சில் கம்பளி இழை இரண்டு பாவு நூல்களையும் சுற்றி, இரு நுனிகளும் நடுவே வெளிவரும். மற்றதில் ஒரு பாவு நூலை மட்டும் முழுதாகச் சுற்றி, அடுத்ததன் அடியில் நுழைந்து போகும். ஒரு நுனி நடுவிலும் மற்றது பக்கத்திலும் எழும். குர்து, ஹமதான் வேலையில் முதல் வகை. கம்சே, பலூச்சி வேலையில் பெரும்பாலும் இரண்டாவது. கஷ்காயில் இரண்டும் வரும். எண்ணும் முறை எளிது. பின்பக்கத்தில் 5 செ.மீ. அகலத்தில் எத்தனை முடிச்சு, 5 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பெருக்கி, விடையை 400-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு வரும். 18-உம் 20-உம் என்றால் 360. சதுர மீட்டருக்கு 1,44,000. கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரு முடிச்சு பின்பக்கம் இரண்டு புடைப்பாகத் தெரியும். அவற்றை இரண்டு முடிச்சாக எண்ணிவிட்டு இரட்டிப்பு நேர்த்தி என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. பாவு நூல்களில் ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் ஒரு புடைப்புதான் தெரியும். ஆகவே ஒரே நிறத்தில் ஒற்றைக் கோடாக ஓடும் இடத்தை முன்னும் பின்னும் பார்த்து, ஒரு முடிச்சு எத்தனை புடைப்பு என்று உறுதி செய்துகொண்டே எண்ண வேண்டும்.

எண்ணி முடித்த பிறகும் அது தரத்தைச் சொல்லாது, உழைப்பைத்தான் சொல்லும். மேலே சொன்ன அடர்த்தியில் ஒரு மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் என்றால் 5,76,000 முடிச்சு. நாளுக்கு 7,000 போட்டால் 82 நாள். அதுவும் பால் கறப்பது, ரொட்டி சுடுவது, ஆடு பார்ப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு. கொக்கி வைத்த பதக்கம், படிப்படியாக ஏறும் சாய்சதுரம், சீப்பு, பறவை போன்றவை நேர்கோட்டிலும் படிக்கோட்டிலும் வாழும் உருவங்கள். அவற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் முடிச்சே தாராளம். அதற்கு மேல் அடர்த்தி ஏற ஏறப் படிகள் மழுங்கி, உருவத்தின் வீச்சு குறைந்துபோகும். வளைந்தோடும் கொடிக்கும் இலைக்கும் வேண்டிய நேர்த்தியை இங்கே கேட்பது பொருந்தாது.

நீள்கம்பளத்தின் கலைச் சிக்கலே வேறு. குறுகலான ஒரு பட்டையை 5 மீட்டருக்குச் சலிப்பில்லாமல் நிரப்ப வேண்டும். ஒரு வழி, பதக்கங்களை ஒரு தண்டில் கோத்ததுபோல் அடுக்குவது. சராப் கம்பளங்களில் ஒட்டகநிறத் தளத்தின்மேல் இப்படிச் சாய்சதுரங்கள் வரிசையாக நிற்கும், சுற்றிலும் அதே நிறத்தில் அகலமான வெற்றுக் கரை. இன்னொன்று போத்தே என்ற மாங்காய் வடிவத்தையோ சாய்சதுரத்தைச் சுற்றி இலைகள் வளைந்து நிற்கும் ஹெராத்தி வடிவத்தையோ தளம் முழுக்கப் பரப்புவது. மலாயரில் இது மிகுதி. மூன்றாவது, நீளவாக்கில் கோடு கோடாகப் பிரிக்கும் மொகர்ரமாத். எந்த வழியானாலும் நெய்பவளுக்கு வரைபடம் இல்லை. ஒரே பதக்கம் ஐந்து முறை வந்தால், ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். கடைசிப் பதக்கம் நசுங்கியிருந்தால் பாவு தீரப்போகிறது என்று அவள் கண்டுகொண்ட இடம் அது. கரையின் உருவங்கள் மூலையில் அழகாகத் திரும்பாமல் முட்டி நிற்பதும் இதே காரணத்தால்தான். இந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்ப்பதில்தான் இந்தக் கம்பளங்களின் சுவை இருக்கிறது. ஒரே அச்சாக ஐந்து பதக்கமும் இருக்கிற கம்பளத்தை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

நிறம் சீராக இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அப்ரஷ் எனப்படும் அந்த நிறப்பட்டை, கையால் நூற்ற கம்பளியின் இயல்பு. தடித்த நூல் ஒருவிதமாகவும் மெலிந்த நூல் ஒருவிதமாகவும் சாயத்தை உறிஞ்சும். ஒரு பானைச் சாயம் தீர்ந்து அடுத்த பானை வைக்கும்போது நிறம் சற்று மாறும். நெசவு வரிசை வரிசையாக ஏறுவதால் அப்ரஷ் குறுக்காகத்தான் ஓடும். நிறமாற்றம் நடுவில் செங்குத்தாக வெட்டினாற்போல் நின்றால், அது பழுதுபார்த்த இடமா, அல்லது இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெவ்வேறு உருண்டை நூலை எடுத்ததா என்று பின்பக்கம் பார்க்க வேண்டும். புதுக் கம்பளங்களில் பழமைக்காகச் செயற்கையாக அப்ரஷ் வைக்கிறார்கள். அது தேவையான இடத்திலெல்லாம் ஒரே இடைவெளியில் வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

சாயம் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. சிவப்பு, மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ரூனாஸ் வேரிலிருந்து வருகிறது. கம்பளியை முதலில் படிகார நீரில் வேகவைப்பார்கள். படிகாரம் கம்பளி எடையில் ஆறில் ஒரு பங்கு அளவில் போதும். பிறகு வேர்ப்பொடி நீரில் மெல்லச் சூடேற்ற வேண்டும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்பும் வெளிவந்து சிவப்பு மங்கிவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் நல்ல சிவப்பைத் தரும். நீலத்துக்கு அவுரி, அதற்குப் படிகாரம் தேவையில்லை. தொட்டியில் பச்சைமஞ்சளாக வெளிவரும் நூல், காற்றுப் பட்டதும் நீலமாகும். எத்தனை முறை தோய்க்கிறோமோ அத்தனை ஆழம். மஞ்சளுக்கு எஸ்பரக் பூவும் மாதுளைத் தோலும். மஞ்சள் ஏற்றிய நூலை அவுரியில் தோய்த்தால் பச்சை. மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் மங்கும் சாயம். ஆகவே பழைய கம்பளத்தில் பச்சை இலை மேலே நீலமாகத் தெரியும். இழைகளைப் பிரித்து முடிச்சின் அடியைப் பார்த்தால் பச்சை அப்படியே இருக்கும்.

கருமை தனிக்கதை. மாசிக்காய்த் துவர்ப்போடு அன்னபேதி போன்ற இரும்பு உப்பைச் சேர்த்து ஏற்றிய கரும்பழுப்பு, கம்பளியையே அரித்துவிடும். நூறாண்டில் கறுப்புக் கோடுகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகி, மற்ற நிறங்கள் செதுக்கியதுபோல் மேலே நிற்கும். இதைப் பழுது என்று எண்ணிப் புது நூல் போடுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். இதே தோற்றத்தைக் கத்தரியால் வெட்டி உண்டாக்குபவர்களும் இருக்கிறார்கள். வெட்டிய இழையின் நுனி மட்டமாகவும் ஒரே உயரத்திலும் இருக்கும். அரிப்பு அங்கங்கே ஏறியும் இறங்கியும் இருக்கும்.

செயற்கைச் சாயம் இருந்தாலே புதியது என்பதும் சரியல்ல. முதல் செயற்கைச் சாயம் 1856-இல் வந்தது. ஃபுக்சின் என்ற ஊதாச்சிவப்புச் சாயம் அடுத்த சில ஆண்டுகளில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இவை பாரசீகச் சந்தைகளை எட்டின. அப்போது ஈரானை ஆண்ட கஜார் அரசு தடைபோட்டும் நிற்கவில்லை. 1885-இல் நெய்த கூடாரக் கம்பளத்தில் ஃபுக்சின் இருக்கலாம். மேலே சாம்பலாகவும் அடியில் ஊதாவாகவும் இருந்தால் அதுதான். பக்கத்து வெள்ளையில் கசிந்து பரவிய ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களும் அந்தத் தலைமுறையவை. அழகு குறையும்; வயது குறையாது.

கம்பளத்திலேயே எண்ணாக நெய்திருக்கும் ஆண்டைப் படிப்பதில் கட்டுரை ஒரு கம்பளத்தையே 40 ஆண்டு முன்னே தள்ளிவிட்டது. சந்திர ஹிஜ்ரி ஆண்டில் 100-க்கு 3 வீதம் கழித்து 622-ஐக் கூட்டினால் நம் ஆண்டு: 1318 என்பது 1900. ஆனால் ஈரான் 1925-இல் சூரிய ஹிஜ்ரி நாட்காட்டிக்கு மாறியது. அதில் 621-ஐக் கூட்டினால் போதும். அதே 1318 அப்போது 1939 ஆகிவிடும். எது என்று தீர்மானிக்கச் சாயத்தையும் நூலையும்தான் கேட்க வேண்டும். இன்னொரு மோசடியும் உண்டு. பாரசீக எழுத்தில் 2-க்கும் 3-க்கும் ஒரு பல்தான் வித்தியாசம். 1318-இல் அந்தப் பல்லின் ஐந்தாறு முடிச்சைப் பிடுங்கித் தளநிறத்தில் கட்டிவிட்டால் 1218. ஒரே பிற்பகலில் நூறு வயது. ஆண்டு இருக்கும் இடத்தை விரலால் பின்பக்கம் தடவிப் பாருங்கள், புது முடிச்சு சற்றே கடினமாகத் தட்டுப்படும்.

நீள்கம்பளத்துக்கே உரிய இன்னொரு தந்திரம் வெட்டி ஒட்டுவது. நடுவில் நடந்து தேய்ந்த ஒரு மீட்டரை எடுத்துவிட்டு இரு பாதிகளையும் தைத்துவிடுவார்கள். 5 மீட்டர் 4 ஆகும். கையை நீளவாக்கில் தடவினால் இழை ஒரு திசையில் படியும், எதிர்த்திசையில் முள்ளாக நிற்கும். இந்தத் திசை முனையிலிருந்து முனைவரை மாறக்கூடாது. நடுவில் மாறினால் ஒரு பாதி திருப்பி ஒட்டப்பட்டது. திருப்பாமல் ஒட்டியிருந்தால் பின்பக்கம் குறுக்கே ஒரு வரப்பு விரலில் படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடாகத் தெரியும். இரண்டு பதக்கங்களுக்கு இடைப்பட்ட தூரமும் அந்த இடத்தில் மட்டும் குறையும். முனைக் கரை இல்லாமல் பக்கக் கரை நேரே ஓடி விளிம்பில் முடிந்தால், அந்த முனை போய்விட்டது என்று பொருள். பின்னால் தைத்து ஒட்டிய குஞ்சத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். குஞ்சம் என்பது பாவு நூலின் தொடர்ச்சி. முடிச்சுகளுக்குள் புகுந்து போக வேண்டும். தேய்ந்து வெள்ளைப் பாவு தெரியும் இடத்தில் மை தடவி மறைத்திருந்தால், ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்தினால் மை அதில் ஒட்டிக்கொள்ளும்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அடியில் கம்பளத்தைவிடப் பக்கத்துக்கு 2 செ.மீ. குறைந்த நமுதா விரிப்பு, அதாவது நெய்யாமல் கம்பளியை அழுத்திச் செய்த விரிப்பு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனைமாற்றிப் போட வேண்டும். குஞ்சத்தின் மேல் சுழல்தூரிகை உள்ள தூசி உறிஞ்சி போகக்கூடாது. கழுவுவதற்கு முன் குப்புறப் போட்டுத் தட்டித் தூசியை முழுக்க இறக்க வேண்டும், இல்லையென்றால் அது சேறாகி அடியில் தங்கும். ஒவ்வொரு நிறத்தையும் ஈரத்துணியால் சோதித்த பிறகே தண்ணீர். பருத்திப் பாவுள்ள கம்பளத்தின் மேல் பூந்தொட்டி வைத்தால் ஈரத்தில் நூல் மட்கிவிடும். மெல்ல மடக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த இடம் இறந்துவிட்டது. சேமிக்கும்போது மடிக்காமல், குழாயில் இழைப்பக்கம் வெளியே இருக்குமாறு, இழை படியும் திசையில் சுருட்டிப் பருத்தித்துணியில் பொதிய வேண்டும். பாலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பூட்டும். துணிப்பூச்சி விழுந்தால் மட்டும் பாலித்தீனில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பிரிக்க வேண்டும்.

கடைசியாக அந்த ரப்பர் பசை. நீளமும் குறுகலுமான கம்பளத்தில் ஓரம் சுருள்வதற்குப் பெரும்பாலும் ஓரக்கட்டு நூலை இறுக்கிச் சுற்றியதோ, ஊடையை இறுக்கி இழுத்ததோ காரணம். பசை அந்த இறுக்கத்தைத் தளர்த்தாது. சில ஆண்டில் இறுகி, பிறகு மாவாக உதிர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, பாவு நூலோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஊசி நுழையாது, ஒரு முடிச்சுகூட மாற்றிக் கட்ட முடியாது. செய்ய வேண்டியது இது: ஓரத்தை லேசாக ஈரப்படுத்தி, பலகையில் துருப்பிடிக்காத ஊசிகளால் நேராக அறைந்து உலர விட வேண்டும். மறுபடி சுருண்டால் ஓரக்கட்டைப் பிரித்து, அதே தடிமனுள்ள கம்பளி நூலால் தளர்வாகச் சுற்ற வேண்டும். பழைய ஓரக்கட்டு மூலநூலாக இருந்தால், அதைத் தொடாமல் அடியில் அகலமான பருத்தி நாடாவைத் தைத்தால் போதும். கட்டுரையை நம்பி யாராவது பசைப்புட்டியைத் திறப்பதற்குள் இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கம்பளங்களைப் பழுதுபார்க்கும் வாசகர்கள் சிலர்